வாசலில் வடிகட்டாத கல்லூரி

மகள் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறாள் என்று மன்னார்குடியில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். "எந்தக் கம்யூனிட்டி நடத்துற காலேஜ் அது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பள்ளிச் சேர்க்கையிலிருந்து வேலைக்கு விண்ணப்பிப்பது வரை கம்யூனிட்டி சர்டிஃபிகேட் கேட்கிற ஊரில், அந்தச் சொல் சாதி என்றுதான் காதில் விழும். அமெரிக்காவில் அதற்கு ஊர்மக்கள் என்று பொருள். கலிஃபோர்னியாவில், ஒரு வட்டாரத்து மக்களின் சொத்து வரியில் ஒரு பங்கையும் மாநில அரசின் பணத்தையும் கொண்டு, அந்த மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவின் கீழ், அவர்களுக்காகவே நடக்கும் கல்லூரி அது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்று எழுதுகிறார்கள். இங்குள்ள தமிழர் பேச்சில் எப்போதும் கம்யூனிட்டி காலேஜ்தான்.

அக்காவுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. இங்கேயே பல வருடமாக இருக்கும் நம்மவர்களுக்குப் புரியவைப்பது அதைவிடக் கடினம். மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளின் கல்லூரி முடிவுகள் வரத் தொடங்கினால், பிறந்தநாள் விருந்திலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் "எங்க கிடைச்சிருக்கு?" என்பதுதான் பேச்சு. பெர்க்லி என்று ஒருவர் சொல்வார், யு.சி.எல்.ஏ. என்று இன்னொருவர் சொல்வார்; இரண்டும் கலிஃபோர்னியாவின் பேர்பெற்ற பல்கலைக்கழக வளாகங்கள். கம்யூனிட்டி காலேஜ் என்று சொன்னால் மட்டும் எதிரில் இருப்பவரின் குரல் தணிந்துவிடும். "பரவாயில்லைங்க, ரெண்டு வருஷத்துல மாறிக்கலாம்" என்று தேறுதல் சொல்வார். அந்தத் தேறுதல் தேவையே இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது கலிஃபோர்னியாவில். 116 கம்யூனிட்டி காலேஜ்களோடு அமெரிக்காவிலேயே பெரிய அமைப்பு இந்த மாநிலத்துடையது. அதனால் இங்கே நடப்பதை வைத்தே பேசுகிறேன். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறாக இருக்கும்.

முதலில் பணம். பாடங்களின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 2012 முதல் இதே தொகைதான். அசோசியேட் பட்டம் என்கிற இரண்டு ஆண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும். அப்படியானால் மொத்தம் 2,760 டாலர். யு.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மாநிலத்தில் குடியிருப்பவருக்கே படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 டாலர். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 40,000-ஐத் தாண்டும். கம்யூனிட்டி காலேஜ் பிள்ளை வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் தூங்கி, பஸ்ஸிலோ அப்பாவின் பழைய காரிலோ போய்வரும். புத்தகம், வண்டி நிறுத்தம், மருத்துவக் கட்டணம் என்று கொஞ்சம் செலவு இருக்கத்தான் செய்யும். அதையெல்லாம் கூட்டினாலும் இரண்டு செலவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட வராது. முதன்முறையாகக் கல்லூரியில் முழுநேரம் சேரும் கலிஃபோர்னியா மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யப் பல கல்லூரிகளில் திட்டம் இருக்கிறது. 2017-இல் வந்த சட்டமும் 2019-இல் வந்த சட்டமும் அதற்கு வழி செய்தன.

இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் யு.சி.க்கு மாறிப் படித்து முடித்தால், கையில் வரும் பட்டத்தில் யு.சி.யின் பெயர்தான் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தார் என்று அதில் அச்சிடுவதில்லை. நம் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்வதை நினைத்துக்கொண்டால் விஷயம் ஓரளவு பிடிபடும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே இது பக்கவாட்டில் திறந்துவிட்ட ஒரு சின்ன வழி இல்லை. கட்டடம் கட்டும்போதே வரைபடத்தில் போட்டுவைத்த வாசல்.

அந்த வரைபடத்தின் கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் பேசி முடிவு செய்து, உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்திலேயே கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தொடங்கினார்கள். ஆறு மாணவர்கள். ஊரை விட்டுப் போக வசதியில்லாத பிள்ளைகள் ஊரிலேயே பாதிப் பட்டத்தைப் படித்துவிடட்டும் என்பதுதான் எண்ணம். நாட்டின் மிகப் பழைய பொதுக் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரோடு அது இன்றும் நடக்கிறது. கலிஃபோர்னியாவில் 1907-இல் இதற்கான சட்டம் வந்தது. 1910-இல் ஃப்ரெஸ்னோவில் முதல் கல்லூரி வந்தது. அப்போது இவற்றுக்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை, 1944-இல் வந்த சட்டத்தின்படி அரசு ஏற்றுக்கொண்டது. கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் தந்த அறிக்கை, மக்களில் குறைந்தது 49 சதவீதம் பேருக்குப் பள்ளியும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டும் சேர்ந்த பதினான்கு ஆண்டு படிப்பை முடிக்கும் திறமை இருக்கிறது என்று சொன்னது. கல்லூரி என்பது வசதியுள்ளவர்களுக்கும் மிகச் சிலருக்கும் மட்டும் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான பேச்சு. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைப் பரப்பியதும் அந்த அறிக்கைதான்.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிகிறது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரி வயதை எட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1960-இல் கலிஃபோர்னியா ஒரு பெருந்திட்டம் வகுத்தது. யு.சி.யின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதற்கு முன்னின்றார். ஆளுநர் பேட் பிரவுன் சட்டமாக்கினார். பள்ளி முடிப்பவர்களில் மதிப்பெண் வரிசையில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யு.சி.; முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு இன்று சி.எஸ்.யு. என்று அழைக்கப்படும் மாநிலக் கல்லூரிகள். படித்துப் பயன்பெறக்கூடிய எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ். இதை மட்டும் கேட்டால் நம் ஊர் கட்-ஆஃப் மாதிரிதான் தோன்றும். திட்டத்தின் உயிர் அடுத்த வரியில் இருந்தது. யு.சி.யில் முதல் இரண்டு ஆண்டில் படிப்பவர்கள் 40 பேர் என்றால், பின்னிரண்டு ஆண்டில் படிப்பவர்கள் 60 பேர் இருக்கவேண்டும் என்றது திட்டம். அந்தக் கூடுதல் இருபது பேர் எங்கிருந்து வருவார்கள்? ஜூனியர் காலேஜிலிருந்து. பதினேழு வயதில் வாங்கிய மதிப்பெண்ணால் பின்தங்கியவர் பத்தொன்பது வயதில் வந்து உட்கார ஒரு நாற்காலியைத் திட்டம் போட்டுக் காலியாக வைத்தார்கள். இன்றும் புதிதாக யு.சி.யில் சேர்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படி மாறி வருபவர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறார்கள். "பரவாயில்லைங்க" என்று தேறுதல் சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றில் ஒருவர் கணக்கைத்தான்.

மாறும்போது பழைய பள்ளி மதிப்பெண்ணைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. கல்லூரியில் எடுத்த பாடங்களும் அவற்றின் சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ.யும்தான் பேசும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பள்ளியில் ஒரு வருடம் சறுக்கிய பிள்ளையின் பெற்றோருக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், அம்மா புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த வருடம்தான் பையனுக்குப் பதினொன்றாம் வகுப்பு. மதிப்பெண் அடிவாங்கியது. கல்லூரிகள் முக்கியமாகப் பார்க்கும் வருடமும் அதுதான். கம்யூனிட்டி காலேஜில் அவன் புதுக் கணக்கைத் தொடங்கினான். பள்ளியில் என்ன நடந்தது என்று யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

உலகம் அறிந்த உதாரணமும் உண்டு. மனித மரபணு வரிசையைப் படித்தறியும் போட்டியில் முன்னணியில் நின்ற கிரெய்க் வென்டர் பள்ளியில் படிப்பில் நாட்டமில்லாதவர். வியட்நாம் போரில் கடற்படை மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டுத் திரும்பி, எங்கள் வட்டாரத்துச் சான் மேட்டியோ கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து யு.சி. சான் டியாகோவுக்கு மாறி, 1975-இல் முனைவர் பட்டம் வரை போனார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் 1976-இல் அசோசியேட் பட்டம் வாங்கியவர். வீட்டில் அவ்வளவு வசதி கிடையாது. ஓடத்தில் கமாண்டராகப் பறந்தது 1999-இல்.

சரி, மாறுவது எப்படி நடக்கிறது? இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், நாங்களும் விழுந்தோம். எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்பதை 'அசிஸ்ட்' என்ற பொது இணையதளத்தில் பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள். கல்லூரி, போகவேண்டிய பல்கலைக்கழகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் பாடம் பாடமாகக் காட்டும். எல்லோருக்கும் பொதுவான பாடங்களுக்கு 'கால்-கெட்சி' என்று தனிப் பட்டியல் இருக்கிறது. என் மகளின் கதை இதுதான்: வணிகத் துறைக்குப் போக நினைத்தவளுக்கு, அவள் படித்த கல்லூரியில் ஓர் ஆலோசகர் புள்ளியியல் எடுத்தால் போதும் என்றார். அவள் குறிவைத்த வளாகம் கால்குலஸ் இரண்டு பாடங்களைக் கேட்டது. பட்டியலை நாங்கள் திறந்து பார்த்தபோது ஒரு செமஸ்டர் போயிருந்தது. கோடையில் ஒரு பாடம் எடுத்து ஈடுகட்டினாள். அன்றிலிருந்து பாடம் பதியும் முன் அந்தப் பட்டியலை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

யு.சி.யின் ஆறு வளாகங்கள் முன்கூட்டியே இட உறுதி தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். இதை 'டேக்' என்பார்கள். அந்த வளாகம் கேட்கும் பாடங்களையும் ஜி.பி.ஏ.யையும் எட்டினால் இடம் நிச்சயம். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம். அதுவும் செப்டம்பர் மாதத்தில். சில வளாகங்களில் சில துறைகளுக்கு அது கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் (அதுதான் யு.சி.எல்.ஏ.), சான் டியாகோ மூன்றும் டேக்கில் இல்லை, போட்டியிட்டுத்தான் போகவேண்டும். ஆனால் பெர்க்லிக்கும் யு.சி.எல்.ஏ.வுக்கும் பள்ளியிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மாறி வருபவர்களில் நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. சி.எஸ்.யு. பக்கம் 2010-இல் வந்த சட்டப்படி, மாறுவதற்கென்றே வடிவமைத்த அசோசியேட் பட்டம் முடித்தவருக்கு அந்த அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி.

பாடம் நடத்தும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வேதியியல் வகுப்பு என்றால் சில நூறு பேர் உட்காரும் அரங்கம். சந்தேகம் கேட்கப் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவரிடம்தான் போகவேண்டும். கம்யூனிட்டி காலேஜில் முப்பது, நாற்பது பேர். ஆசிரியரின் வேலையே கற்பிப்பதுதான். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாகவேண்டும் என்ற நெருக்கடி அவருக்குக் கிடையாது. என் மகளின் கணித ஆசிரியர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அலுவல் நேரத்தில் உட்காரவைத்துத் தவறிய கணக்கைத் திரும்பப் போடச் சொன்னார். பதினெட்டு வயதில் திடீரென்று தனியாக நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

இதுவரை சொன்னது பிள்ளைகளைப் பற்றி. நான் உள்ளூர உருகுவது இந்தக் கல்லூரிகளின் மாலை வகுப்புகளைப் பார்த்துத்தான். வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் கணவரோடு வந்து, எம்.எஸ்சி., பி.எட். என்று படித்த படிப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் எத்தனை பெண்கள் நம்மிடையே! 2015-இல் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்க விதி வரும் வரை, வேலைக்குப் போகவே வழியில்லை. ஆனால் எச்-4 விசாவில் படிக்கத் தடை கிடையாது. மாணவர் விசாவுக்கு மாறவேண்டியதும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் நிலையாகக் குடியிருப்பதைக் காட்டினால் அதே 46 டாலர்தான். கணவர் வேலை முடிந்து வந்ததும் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு ஆறு மணி வகுப்புக்கு ஓடிய பெண்களை எனக்குத் தெரியும். குழந்தை வளர்ச்சிப் படிப்பில் 12 யூனிட் முடித்தால், ஆறு மாத அனுபவத்தோடு தனியார் மழலையர் பள்ளிகளில் ஆசிரியராகும் தகுதி வந்துவிடும். வேலை அனுமதி கைக்கு வந்தபோது இப்படித் தயாராக இருந்தவர்கள் அடுத்த மாதமே வேலைக்குப் போனார்கள். இன்று எங்கள் பக்கத்து மழலையர் பள்ளிகளில் எத்தனை தமிழ்க் குரல்கள்! கணக்கியலும் கணினியும் படித்து அலுவலகங்களுக்குப் போனவர்களும் உண்டு. ஆங்கிலம் பேசத் தயங்கும் அம்மா அப்பாவுக்கு, யூனிட் கணக்கில்லாத ஆங்கில வகுப்புகளைக் கட்டணமில்லாமலே நடத்துகிறார்கள்.

எச்-4 விசாவில் வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று நம் வீடுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபத்தொரு வயது ஆனதும் பிள்ளை அந்த விசாவிலிருந்து வெளியே வந்தாகவேண்டும். மத்திய அரசின் படிப்பு உதவித்தொகையும் கடனும் அதற்கு முன்பும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் முதல் இரண்டு ஆண்டை 2,760 டாலருக்கு முடிப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து நேராக எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருக்கு யூனிட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். ஏஜென்ட் யாராவது 46 டாலர் கதையைச் சொல்லி அழைத்தால் கவனமாக இருங்கள்.

எல்லோரும் பல்கலைக்கழகத்துக்கு மாறவேண்டும் என்பதும் இல்லை. செவிலியர், பல் சுகாதாரம், தீயணைப்பு, வாகனப் பழுது, சமையற்கலை எல்லாம் இங்கேயே முடித்து வேலைக்குப் போகலாம். இரண்டு ஆண்டுச் செவிலியர் பட்டம் பெற்றவரும் நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவரும் உரிமத்துக்கு எழுதுவது ஒரே தேர்வு.

குறைகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நாடு முழுவதும் பார்த்தால், கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் நான்கு ஆண்டுப் பட்டம் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். மாறுபவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆறு ஆண்டுகளுக்குள் அந்த நான்கு ஆண்டுப் பட்டத்தை முடிப்பவர் ஆறில் ஒருவர்தான். வலிக்கிற கணக்கு இது. பலர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள், குழந்தை இருக்கிறது, வாடகை இருக்கிறது, பாடத்தைத் தப்பாக எடுத்து யூனிட்டுகளை இழக்கிறார்கள், வழிகாட்ட ஆளில்லை. வாசலில் யாரையும் நிறுத்தாத இடத்தில், உள்ளே வந்தவரைக் கடைசிவரை கூட்டிப்போக ஆள் போதவில்லை. மாநிலமும் கல்லூரிகளும் செய்யவேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் துணையை நாமே தரமுடியும் என்பதால்தான் பெற்றோர் வெட்கப்படுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள் என்கிறேன்.

வேறு இழப்புகளும் உண்டு. விடுதி வாழ்க்கை, முதலாண்டு நட்பு இவை பின்னால் கிடைப்பது கஷ்டம். மாறிப்போன இடத்தில் இரண்டே ஆண்டு என்பதால் இன்டர்ன்ஷிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நேரம் நெருக்கும். கணினி அறிவியல் போன்ற துறைகளில் பெரிய வளாகங்களுக்கு மாறுவது மிகக் கடினம். பள்ளி முடித்ததும் நல்ல உதவித்தொகையோடு நேரடி இடம் கிடைத்த பிள்ளை அதை விட்டுவிட்டு இங்கே வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த எண்ணம் நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1995-இல் புதுச்சேரியில் பல்கலைக்கழகம் நடத்தும் ஒன்றும், அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையின் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் நடத்தும் ஒன்றும் தொடங்கின. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்குக் கைத்தொழிலும் வாழ்க்கைத் திறனும் கற்றுத்தருவதே அங்கே முதன்மை. பல்கலைக்கழகத்துக்கு ஏறிப்போகும் படி அவ்வளவாக அமையவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

பிள்ளை இந்த வழியில் போவதாக முடிவானால், சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். செமஸ்டர் நடுவில் கிடைக்காது. போகும்போது அசிஸ்ட் பட்டியலின் அச்சுப்படிகளைக் கையில் வைத்திருங்கள், குறைந்தது மூன்று வளாகங்களுக்கு. ஆலோசகர் சொல்வதும் பட்டியல் சொல்வதும் வேறுபட்டால், அங்கேயே விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். கணிதப் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுக்கவேண்டிய வரிசை அது, ஒரு செமஸ்டர் பிந்தினால் மாறும் ஆண்டே பிந்திவிடும். செப்டம்பரில் டேக், நவம்பர் முடிவதற்குள் யு.சி. விண்ணப்பம், இந்த இரண்டையும் சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அப்புறம், அடுத்த விருந்தில் யாராவது "எங்க கிடைச்சிருக்கு?" என்று கேட்டால், கல்லூரியின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிள்ளை பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.